பால், வெண்ணெய் சேர்க்காத மசித்த உருளைக்கிழங்கு: தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு முதல்முறை செய்பவர்களுக்கு

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். வான்கோழியும் கிரேவியும் இருக்கிற மேசையில் மசித்த உருளைக்கிழங்கும் கட்டாயம் இருக்கும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்தில் அது உங்கள் பங்காக வந்து, "வருகிறவர்களில் ஒருவருக்குப் பால் ஆகாது" என்று ஒரு வரியும் கூடவே வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. வழக்கமான செய்முறையில் வெண்ணெயும் க்ரீமும் தாராளமாக இருப்பதால், அவை இல்லாமல் ருசிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பால் இல்லாததால் இது கெடுவதில்லை. வெண்ணெய் இருந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்புவதால்தான் கெடுகிறது. இன்னொரு ஆபத்து, பால் இல்லை என்று நம்பி வாங்கிய பொட்டலத்துக்குள் பால் இருப்பது.

கீழே உள்ள அளவு 10 பேருக்கு. அடுப்பு வேலை ஒன்றேகால் மணி நேரம். முந்தின நாள் அரை மணி நேர வேலை.

1. "பால் ஆகாது" என்றால் எது என்று கேளுங்கள்

கடைக்குப் போகும் முன் விருந்து வைப்பவரிடம் கேட்டுவிடுங்கள். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிக்காது. வயிறு உப்பும், வலிக்கும். பால் அலர்ஜி அப்படியல்ல. பாலின் புரதத்தை உடம்பு எதிரியாகப் பார்க்கிறது. சிறிதளவே போதும், தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரை போகலாம். மூன்றாவது வகை வீகன் சாப்பாட்டுக்காரர்கள், அதாவது விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்கள். அவர்களுக்குத் தேனும் முட்டையும்கூட ஆகாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் "லாக்டோஸ்-ஃப்ரீ" பால் வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது மாட்டுப்பால்தான், லாக்டோஸை மட்டும் உடைத்திருப்பார்கள். அலர்ஜி உள்ளவருக்கு அது சாதாரணப் பால் போலவே ஆபத்து.

நம் வீட்டுச் சமையலில் வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நெய் பால் பொருள்தான். காய்ச்சி வடித்திருந்தாலும் அதில் பால் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும். "வெண்ணெய் போடவில்லை, ஒரு ஸ்பூன் நெய்தான்" என்பது அலர்ஜி உள்ளவர் விஷயத்தில் செல்லாது. முட்டையோ அமெரிக்கக் கடைகளில் பால் பிரிவில் அடுக்கியிருந்தாலும் பால் பொருள் ஆகாது.

அதே மூச்சில் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கோதுமை பற்றியும் கேளுங்கள். பாலுக்கு மாற்றாகக் கடையில் கிடைப்பதில் பாதி இவற்றில் ஏதோ ஒன்றிலிருந்து வருவது.

2. லேபிளை முன்பக்கம் படிக்காதீர்கள், பின்பக்கம் படியுங்கள்

முன்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருப்பது விளம்பரம். பொருட்பட்டியலின் முடிவில் "கன்டெய்ன்ஸ்" என்று தொடங்கும் வரி சட்டத்தின்படி வருவது. எஃப்டிஏ என்ற அமெரிக்க உணவு, மருந்து அமைப்பின் கட்டுப்பாட்டில் வரும் பொட்டல உணவுகளில் பால் உள்ளிட்ட 9 முக்கிய அலர்ஜிப் பொருட்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023 ஜனவரியில். இந்த விவரம் தனி வரியாகவும் இருக்கலாம், பட்டியலுக்குள் அடைப்புக்குறியில் "மில்க்" என்றும் இருக்கலாம். ஆகவே முழுப் பட்டியலையும் படியுங்கள்.

தேட வேண்டிய சொற்கள்: மில்க், பட்டர், கீ (நெய்), க்ரீம், வே (பால் திரிந்தால் பிரியும் நீர்), கேசின், சோடியம் கேசினேட், மில்க் சாலிட்ஸ், பட்டர்மில்க் பவுடர்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

- காபிக்குப் போடும் "நான்-டெய்ரி" க்ரீமர். பெயரில் பால் இல்லை, உள்ளே கேசினேட் இருக்கலாம். கேசின் பால் புரதம்.
- மார்ஜரின். தாவர எண்ணெயில் செய்ததுதான், ஆனால் சிலவற்றில் வே அல்லது மோர்ப்பொடி சேர்த்திருப்பார்கள்.
- அட்டைப்பெட்டியில் வரும் பிராத் (காய்கறியோ இறைச்சியோ வேகவைத்து எடுத்த சாறு), சூப் பொடி, பூண்டு ருசியூட்டிய மசாலாப் பொடிகள்.
- "மே கன்டெய்ன் மில்க்" (பால் இருக்கக்கூடும்) என்ற எச்சரிக்கை. இதைப் போடுவது நிறுவனத்தின் விருப்பம், கட்டாயமில்லை. அது இல்லாததால் பால் கலக்கவே கலக்காது என்று பொருளில்லை. கடுமையான அலர்ஜி உள்ளவருக்குச் செய்கிறீர்கள் என்றால் அவரிடமே பொட்டலத்தின் படத்தை அனுப்பிக் கேட்பது உத்தமம்.

யூத உணவுமுறைச் சான்றும் கைகொடுக்கும். வட்டத்துக்குள் "யு" எழுத்தும் பக்கத்தில் "டி" எழுத்தும் இருந்தால் அதில் பால் இருக்கிறது, அல்லது பால் பொருள் ஓடிய இயந்திரத்தில் செய்தது. "பர்வே" என்றிருந்தால் இறைச்சியும் பாலும் சேர்க்காதது. ஆனால் அது மதவிதிக்கான சான்று. அலர்ஜி உள்ளவருக்கு அதை மட்டும் நம்பிக் கொடுக்க முடியாது.

3. கிழங்கு: யூகான் கோல்ட் வாங்குங்கள்

5 பவுண்ட் பை ஒன்று, அதாவது சுமார் 2.25 கிலோ. ஆளுக்கு அரை பவுண்ட் என்பது கணக்கு.

ரஸெட் கிழங்கு மாவுத்தன்மை கூடியது, பஞ்சு போல மசியும். ஆனால் சேர்க்கிற கொழுப்பையும் நீரையும் எல்லாம் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். பால் சேர்க்காதபோது அது வறண்டதாக, சப்பென்று தெரியும். யூகான் கோல்டின் சதை மஞ்சள் நிறம், இயல்பிலேயே கொஞ்சம் வழவழப்பு. வெண்ணெய் போட்டது போன்ற நிறம் தானாகவே கிடைத்துவிடும். தோல் சிவந்த சிறு கிழங்கு வேண்டாம். அது சாலட்டுக்கு நல்லது, மசித்தால் கட்டி தட்டும், அழுத்தி மசித்தால் பசையாகும்.

பச்சை படர்ந்த, முளைவிட்ட கிழங்கைத் தவிருங்கள். வாங்கியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிப்புத் தட்டும். இருட்டான அலமாரியே போதும்.

4. கொழுப்பும் நீரும்: இங்கேதான் ருசி தீர்மானமாகிறது

வெண்ணெயும் க்ரீமும் மூன்று வேலை செய்கின்றன. கொழுப்பு தருகின்றன, லேசான இனிப்பும் மணமும் தருகின்றன, புளித்த க்ரீம் போட்டால் மெல்லிய புளிப்பும் வரும். மூன்றுக்கும் மாற்று வேண்டும்.

கொழுப்பு: குச்சி வடிவில் வரும் வீகன் பட்டர் 1 குச்சி (113 கிராம்), ஆலிவ் எண்ணெய் கால் கப் (60 மி.லி.). டப்பாவில் வரும் பூசும் வகை வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். வீகன் பட்டரிலும் முந்திரி, சோயா இருக்கக்கூடும், பார்த்து வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் ஆலிவ் எண்ணெய் மட்டுமே முக்கால் கப் போட்டுச் செய்யலாம். ருசி வேறு மாதிரி இருக்கும், குறையாக இருக்காது.

நீர்: கிழங்கு வெந்த தண்ணீர், 1 முதல் ஒன்றரை கப். பாதாம்பால், ஓட்ஸ்பால் என்று தேடி அலைவதைவிட இதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து. உப்பும் கிழங்கின் மாவும் கரைந்த தண்ணீர் அது. காசில்லை, புதிதாக ஓர் அலர்ஜிப் பொருளும் உள்ளே வராது. தாவரப் பால்தான் வேண்டும் என்றால் "அன்ஸ்வீட்டன்ட்" (சர்க்கரை சேர்க்காதது) என்று எழுதிய சோயாப்பால் வாங்குங்கள். "ஒரிஜினல்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தது. வெனிலா மணம் சேர்த்ததை அவசரத்தில் எடுத்துவந்தால் மொத்தப் பானையும் பாயசமாகிவிடும், அதைத் திருத்த வழியே இல்லை. ஓட்ஸ்பாலில் சர்க்கரை சேர்க்காவிட்டாலும் ஓர் இனிப்பு உண்டு.

தேங்காய்ப்பால் நமக்கு முதலில் தோன்றும் மாற்று. சொதிக்கும் குருமாவுக்கும் அது பொருந்தும். வான்கோழி, சேஜ் இலை, கிரான்பெரி பக்கத்தில் வைக்கும்போது தேங்காய் மணம் தனியே நின்று உறுத்தும். விட்டுவிடுங்கள்.

மணம்: பூண்டு 2 முழுத் தலை. புளிப்பு: எலுமிச்சைச் சாறு 1 தேக்கரண்டி. விருப்பமிருந்தால் நியூட்ரிஷனல் ஈஸ்ட் (செயலிழக்கச் செய்த ஈஸ்ட் செதில்) 2 மேசைக்கரண்டி. சீஸை நினைவூட்டும் ஒரு ருசி அதில் உண்டு. கூட ஒரு சிட்டிகை ஜாதிக்காய், வெள்ளை மிளகுத்தூள், மேலே தூவ நறுக்கிய சைவ்ஸ் (வெங்காயத்தாள் போன்ற மெல்லிய தழை).

செலவு தோராயமாக: கிழங்கு 4 முதல் 6 டாலர், வீகன் பட்டர் 5 முதல் 6, பூண்டும் சைவ்ஸும் சேர்ந்து 4. ஆலிவ் எண்ணெய் வீட்டில் இருந்தால் 15 டாலரைச் சுற்றி முடியும். ஊருக்கு ஊர் மாறும். செவ்வாய்க்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். புதன் மாலை கடைகளில் கூட்டம் நெரியும், வியாழன் பல பெரிய கடைகள் பூட்டியிருக்கும்.

5. முந்தின நாள்: பூண்டும் தோல் சீவலும்

பூண்டை ஓவனில் சுடலாம். ஆனால் விருந்து நாளில் ஓவனை வான்கோழி பிடித்துக்கொள்ளும். அடுப்பிலேயே செய்யுங்கள். உரித்த பல்லைச் சிறு பாத்திரத்தில் போட்டு, மேலே சொன்ன கால் கப் ஆலிவ் எண்ணெயை ஊற்றி, மிகக் குறைந்த தீயில் 20 முதல் 25 நிமிடம் வையுங்கள். எண்ணெயில் குமிழ் மெல்ல மெல்ல எழ வேண்டும், பொரியக் கூடாது. பல் தங்க நிறமாகி, கரண்டியால் அழுத்தினால் களிம்பு போல நசுங்கினால் பதம். பழுப்பானால் கசக்கும்.

ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். எண்ணெயில் ஊறிய பூண்டைச் சமையல் மேடையில் வெளியே விட்டுவைக்கக் கூடாது. காற்றில்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. குளிரில் வைத்தாலும் மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கிழங்கைத் தோல் சீவி, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக ஒரே அளவில் வெட்டி, முழுக்க மூழ்கும் அளவு குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். மறுநாள் வரை கறுக்காது.

6. வேகவைப்பது

ஊறிய தண்ணீரை வடித்துவிட்டுத் துண்டுகளை ஒருமுறை அலசுங்கள். 8 குவார்ட் (சுமார் ஏழரை லிட்டர்) பானையில் போட்டு, துண்டுகளுக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, 1 மேசைக்கரண்டி பொடியுப்பு சேருங்கள். கொதிக்கும் தண்ணீரில் கிழங்கைப் போடாதீர்கள். வெளிப்பக்கம் குழைந்து கரையும்போது நடுப்பகுதி பச்சையாக நிற்கும்.

இவ்வளவு தண்ணீர் கொதி வரவே 15 முதல் 20 நிமிடம் ஆகும். கொதித்ததும் தீயைக் குறைத்து, தளதளவென்று அடங்கிக் கொதிக்கும்படி 15 முதல் 20 நிமிடம். கத்தியைக் குத்தித் தூக்கினால் துண்டு வழுக்கிக் கீழே விழ வேண்டும். ஓரங்கள் கரைந்து தண்ணீர் கஞ்சியாகத் தொடங்கினால் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

குக்கரில் தண்ணீரோடு போட்டு விசில் எண்ணுவது பொரியல் கிழங்குக்குச் சரி. இங்கே கிழங்கு தண்ணீரை உறிஞ்சிக் கொழகொழத்துவிடும். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சார பிரஷர் குக்கர் இருந்தால் ஒன்றரை கப் தண்ணீர் ஊற்றி, கம்பிக்கூடையில் துண்டுகளை வைத்து, அதிக அழுத்தத்தில் 8 முதல் 10 நிமிடம் ஆவியில் வேகவிடலாம். அந்த முறையில் கலப்பதற்கு வெந்த தண்ணீர் குறைவாகத்தான் கிடைக்கும், தாவரப் பாலோ காய்கறி பிராத்தோ வைத்துக்கொள்ளுங்கள்.

வடிக்கும் முன் 2 கப் தண்ணீரை எடுத்து வையுங்கள். கைப்பழக்கத்தில் மொத்தத்தையும் தொட்டியில் கொட்டிவிடுவது சர்வ சாதாரணம். வடிதட்டுக்குள் முன்கூட்டியே ஒரு கப்பை வைத்துவிட்டால் மறக்காது.

வடித்த கிழங்கைச் சூடான அதே பானையில் திரும்பப் போட்டு, சிறு தீயில் 2 நிமிடம் குலுக்குங்கள். ஆவி குபுகுபுவென்று எழுந்து அடங்கும். துண்டுகளின் விளிம்பு வெளுத்து, மாவு தூவியது போல ஆகும். இதைத் தவிர்த்தால் அந்தத் தண்ணீர் போக இடமில்லாமல் உள்ளேயே நிற்கும், நீங்கள் ஊற்றும் எண்ணெய்க்கு இடம் இருக்காது.

7. மசிப்பது

மிக்ஸி, பிளெண்டர், ஃபுட் பிராசஸர் எதையும் தொடாதீர்கள். கூர்மையான பிளேடு கிழங்கின் செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே விடுகிறது. அரை நிமிடத்தில் கோந்து போல இழுக்கும் பசை மட்டும் மிஞ்சும்.

அமெரிக்காவில் இதற்கென்று ரைஸர் என்ற கருவி விற்கிறார்கள், 15 முதல் 25 டாலர். நம் இடியாப்ப அச்சும் செய்வது அதே வேலைதான். ஓமப்பொடி வில்லையைவிடச் சற்றுப் பெரிய துளையுள்ள வில்லையைப் போட்டு, சூடான கிழங்கை நிரப்பிப் பானைக்குள் பிழியுங்கள். மெல்லிய இழைகளாக, ஒரு கட்டி இல்லாமல் விழும். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த அச்சில் வெண்ணெய் முறுக்கு பிழிந்ததுண்டா? உலோக அச்சென்றால் வில்லையின் துளைகளைக் குச்சியால் குத்தி, வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். மர அச்சு எண்ணெயையும் வெண்ணெயையும் உறிஞ்சி வைத்திருக்கும், அலர்ஜி உள்ளவருக்குச் செய்யும்போது வேண்டாம். மரக்கரண்டிக்கும் அதே விதி.

இரண்டும் இல்லையென்றால் கை மசிப்பான் போதும். சூடு இருக்கும்போதே மசியுங்கள். அங்கங்கே சிறு கட்டி இருந்தால் பரவாயில்லை, அதை விரட்டப் போய்ப் பசையாக்க வேண்டாம்.

அடுத்து வரிசை முக்கியம். முதலில் கொழுப்பு, பிறகு நீர். உருக்கிய வீகன் பட்டரையும், நசுக்கிய பூண்டுடன் அந்த ஆலிவ் எண்ணெயையும் ஊற்றி மெதுவாகப் புரட்டுங்கள். கொழுப்பு மாவுத்துகளைப் பூசிக்கொண்ட பிறகு நீர் சேர்த்தால் பசை பிடிப்பது குறையும். பிறகு எடுத்து வைத்த தண்ணீரைச் சூடாகவே, கால் கப் கால் கப்பாகச் சேருங்கள். ஒரு கப் போனதும் நிறுத்திப் பாருங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒரு கணம் நின்று, பிறகு மொத்தமாகச் சரிந்து விழ வேண்டும். ஆறும்போது இறுகும் என்பதால் இப்போது கொஞ்சம் தளர்வாகத் தெரிவதே சரி.

கடைசியில் நியூட்ரிஷனல் ஈஸ்ட், ஜாதிக்காய், மிளகு, எலுமிச்சைச் சாறு. உப்பைக் கடைசியில் பாருங்கள். வெந்த தண்ணீரிலும் வீகன் பட்டரிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. பெரும்பாலும் அரை முதல் ஒன்றரை தேக்கரண்டி வரை தேவைப்படும். "என்னவோ குறைகிறது" என்று தோன்றினால் இன்னும் பட்டரைத் தேடாதீர்கள். பத்தில் எட்டு முறை குறைவது உப்பு, மீதி இரண்டு முறை புளிப்பு.

8. சூடு ஆறாமல் மேசைக்குக் கொண்டுபோவது

பல வீடுகளில் தேங்க்ஸ்கிவிங் விருந்து பிற்பகல் 3, 4 மணிக்கே தொடங்கிவிடும். 4 மணிக்குச் சாப்பாடு, அரை மணி நேரப் பயணம் என்றால், 1:45க்கு அடுப்பில் தண்ணீர் ஏற வேண்டும், 3 மணிக்கு மசித்து முடித்திருக்க வேண்டும்.

ஸ்லோ குக்கர் இருந்தால் உட்புறம் எண்ணெய் தடவி, மசித்ததை மாற்றி, மேலே கால் கப் சூடான தண்ணீர் ஊற்றிக் கலக்காமல் மூடி, "வார்ம்" நிலையில் வையுங்கள். 2, 3 மணி நேரம் தாங்கும். பரிமாறும் முன் ஒருமுறை கிளறினால் தளர்ந்துவிடும். இல்லையென்றால் மூடியுள்ள கனமான பாத்திரத்தில் போட்டு, துண்டால் சுற்றி, ஐஸ் வைக்கும் பெட்டியில் ஐஸ் இல்லாமல் வைத்து எடுத்துப்போங்கள். சூடு 140 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் 2 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அல்லது குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

ஓர் அட்டையில் சேர்த்த பொருட்களை முழுமையாக எழுதிப் பாத்திரத்தின் பக்கத்தில் வையுங்கள். வீகன் பட்டர் பொட்டலத்தின் பின்பக்கப் படம் கைப்பேசியில் இருக்கட்டும், யாரும் கேட்டால் காட்டலாம். பரிமாறும் கரண்டியையும் நீங்களே கொண்டுபோங்கள். பக்கத்தில் வெண்ணெய் போட்ட பதார்த்தத்துக்குப் போன கரண்டி உங்கள் பாத்திரத்துக்குள் வந்தால் அத்தனை கவனமும் வீண்.

கிரேவி பற்றியும் விருந்து வைப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வான்கோழியின் தோலுக்கடியில் வெண்ணெய் தடவிச் சுடுவது இங்கே வழக்கம். அதிலிருந்து வடியும் சாறில்தான் கிரேவி செய்வார்கள். உங்கள் கிழங்கு பத்திரமாக இருந்து, அதன்மேல் ஊற்றும் கிரேவியில் பால் இருந்தால் பயனில்லை. தனிக் கிரேவி பத்து நிமிட வேலை: 3 மேசைக்கரண்டி எண்ணெயில் 3 மேசைக்கரண்டி மைதாவைப் பழுப்பாகும்வரை வறுத்து, லேபிள் பார்த்து வாங்கிய காய்கறி பிராத் 2 கப் ஊற்றிக் கட்டி இல்லாமல் கொதிக்கவிடுங்கள்.

9. சொதப்பினால்

தண்ணியாகிவிட்டதா? அகலமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து, அடி பிடிக்காமல் அவ்வப்போது புரட்டி ஆவியைப் போகவிடுங்கள். உடனடி உருளைக்கிழங்குத் துகளைக் கைப்பிடி சேர்த்தாலும் இறுகும். அந்தப் பொட்டலத்திலும் பால் இருக்கக்கூடும், படித்துவிட்டுப் போடுங்கள்.

உப்பு கூடிவிட்டதா? இன்னும் இரண்டு கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்து மசித்துச் சேர்ப்பது ஒன்றுதான் வழி.

பசையாகிவிட்டதா? அதை மீண்டும் பஞ்சாக்க முடியாது, கிளறக் கிளற மோசமாகும். ஓவன் தட்டில் எண்ணெய் தடவிப் பரப்பி, முள்கரண்டியால் மேலே கோடு கீறி, ஆலிவ் எண்ணெயில் பிசறிய ரொட்டித்தூள் தூவி, 400 ஃபாரன்ஹீட்டில் 25 முதல் 30 நிமிடம் மேல்பகுதி சிவக்கும்வரை வையுங்கள். ரொட்டித்தூளிலும் பால் கலந்த வகை உண்டு. மேலே மொறுமொறுப்பு வந்துவிட்டால் உள்ளே இருக்கும் பசைத்தன்மை அவ்வளவாகத் தெரியாது, வேறொரு பதார்த்தமாகவே மேசையில் நிற்கும்.

மிஞ்சியதை அந்த 2 மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் 3, 4 நாள் தாங்கும். சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை, நறுக்கிய பச்சைமிளகாயும் இஞ்சியும் கறிவேப்பிலையும் சேர்த்து உருட்டிக் கடலைமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தால் அருமையான போண்டா. எண்ணெய் சேர்ந்த மசியல் என்பதால் உருண்டை தளர்வாக இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடே உருட்டி, கரைசலைக் கெட்டியாக வையுங்கள், வாணலியில் பிரியாது.